பைன் மரங்களுக்கு மேல் காற்று

வியாழக்கிழமை. அகஸ்டாவில் காலை ஏழரை ஆகப்போகிறது. புல் இன்னும் காயவில்லை.

ஆட்டம் தொடங்கும் இடம், முதல் டீ. அதைச் சுற்றி ஆள் மேல் ஆளாகக் கூட்டம். பேச்சு இல்லை. நடுவில், போட்டியைத் தொடங்கிவைக்க, முன்பு இங்கே ஜெயித்த மூன்று பெரியவர்கள். கேரி பிளேயருக்கு 89 வயது. ஜாக் நிக்லஸுக்கு 85. டாம் வாட்சனுக்கு 75.

டீ என்றே சொல்லும் சின்ன ஆப்பை மண்ணில் ஊன்றி, அதன் தலையில் பந்தை நிறுத்த வேண்டும். அந்த வயதில் குனிவதே ஒரு வேலை. யாருக்கும் அவசரம் இல்லை.

பந்து போகிறது. எவ்வளவு தூரம் என்று யாரும் அளப்பதில்லை.

2025-ஆம் ஆண்டின் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி தொடங்குகிறது.

*

இங்கே சாயங்காலம் ஐந்து. வெயில் சாய்ந்துவிட்டது, புழுக்கம் போகவில்லை.

டிவியின் சத்தத்தைக் குறைக்கிறேன். இந்தப் போட்டி குறைந்த சத்தத்தில்தான் நன்றாகக் கேட்கிறது.

*

2016. அதே டீ. ஆர்னால்ட் பால்மர், ஜெயித்தவர்களுக்குத் தரும் பச்சைக் கோட்டுடன், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அடிக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. பிளேயரும் நிக்லஸும் அடிப்பதைப் பார்க்கிறார்.

செப்டம்பரில் அவர் இல்லை.

2017. அதே டீ. ஒரு வெள்ளை நாற்காலி. அதன் மேல் ஒரு பச்சைக் கோட்டு. நிக்லஸ் தொப்பியை வானத்தைப் பார்த்து உயர்த்துகிறார். பிறகு பந்தை வைக்கக் குனிகிறார்.

*

கோல்ஃபில் பெரிய போட்டிகள் நான்கு. மற்ற மூன்றும் ஆண்டுக்கு ஒரு மைதானம் தேடிப் போகும். மாஸ்டர்ஸ் எங்கும் போவதில்லை. ஏப்ரலின் முதல் முழு வாரம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், அகஸ்டா. அதே பதினெட்டுக் குழிகள்.

அதனால் அங்கே எந்த இடமும் காலியாக இல்லை.

பதினைந்தாம் குழிக்குப் போகும் புல்பாதையில், ஃபேர்வேயில், ஓர் இளைஞன் நிற்கிறான். குழி இருக்கும் கிரீனுக்கு முன்னால் குளம். தாண்டலாமா, வேண்டாமா. அவன் நிற்கும் இடத்தில் 1935-உம் நிற்கிறது. ஜீன் சாரசன் 235 கஜத்திலிருந்து அடித்த பந்து தரையைத் தொட்டு, ஓடி, குழிக்குள் விழுகிறது. பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். இந்த மைதானத்தை உருவாக்கிய பாபி ஜோன்ஸ் அவர்களில் ஒருவர்.

இளைஞன் கையுறையை இழுத்து மாட்டுகிறான்.

*

அந்த நிலம் ஒரு காலத்தில் நர்சரி. பெல்ஜியத்திலிருந்து வந்த பெர்க்மன்ஸ் குடும்பம் அங்கே பழமரக் கன்றும் பூச்செடியும் வளர்த்து விற்றது. அதற்கு முன்பு அங்கே அவுரி விளைந்தது.

வாசலிலிருந்து கிளப் வீடு வரை மக்னோலியா மரங்கள், இரு பக்கமும். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பே, 1850-களின் கடைசியில் நட்டவை. 61 மரங்கள். கோல்ஃபுக்காக அவற்றை யாரும் நடவில்லை.

*

ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடியின் பெயர், மரத்தின் பெயர்.

தூக்கம் வராத இரவுகளில் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்று, டீ ஆலிவ். இரண்டு, பிங்க் டாக்வுட். ஐந்து, மக்னோலியா. ஆறு, ஜூனிபர். எட்டு, மஞ்சள் மல்லிகை. பத்து, கமேலியா. பதின்மூன்று, அசேலியா. பதினேழு, நந்தினா. பதினெட்டு, ஹாலி.

நடுவில் ஒன்று எப்போதும் நழுவுகிறது.

ஏழு. பாம்பஸ்.

*

அலிஸ்டர் மெக்கன்ஸி மருத்துவம் படித்தவர். தென்னாப்பிரிக்காவின் போயர் போரில் நிலத்தை வைத்தே ஆட்களை மறைக்கும் வித்தையைக் கவனித்தவர். அகஸ்டாவின் மேடு பள்ளங்களை அவரும் ஜோன்ஸும் சேர்ந்து வரைகிறார்கள். மணற்குழிகள் குறைவு. புல் தாராளம். எங்கே விழுந்தாலும் அடிக்கலாம். ஆனால் எங்கிருந்து அடிக்கிறோம் என்பதைக் கிரீன் கேட்கும்.

1934 ஜனவரியில் மெக்கன்ஸி இறந்துபோகிறார்.

மார்ச்சில் முதல் போட்டி. ஹார்ட்டன் ஸ்மித் ஜெயிக்கிறார்.

வரைந்தவர் ஒரு போட்டியும் பார்க்கவில்லை.

*

நானும் அங்கே போனதில்லை.

போய்வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள். டிவியில் தெரிவது போல இல்லை, அவ்வளவு ஏற்ற இறக்கம். பத்தாம் டீயில் நின்றால் ஃபேர்வே காலுக்குக் கீழே இறங்கி எங்கோ போகிறதாம். நூறு அடிக்கும் மேல் இறக்கம்.

கேமரா அதைத் தட்டையாக்கிவிடுகிறது. எனக்குத் தெரிந்த அகஸ்டா தட்டையானது. ஆடுபவர்களின் நடையில்தான் மேட்டைப் பார்க்கிறேன். பதினெட்டாம் குழியில் தோள்கள் முன்னால் சாய்கின்றன. மூச்சு வாயால் வருகிறது.

*

கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி, அதுதான் பட். அதை அடிக்கப்போகிறார் ஒருவர்.

ஆயிரக்கணக்கானவர்கள். ஒருவர் கையிலும் போன் இல்லை. உள்ளே கொண்டுவரவே அனுமதி இல்லை. கைகள் வெறுமனே இருக்கின்றன. மடியில். முழங்காலில். மார்புக்குக் குறுக்கே.

இத்தனை வெறும் கைகளை இப்போதெல்லாம் வேறெங்கும் பார்க்கக் கிடைப்பதில்லை.

அவர் பந்துக்குப் பின்னால் உட்கார்கிறார். எழுகிறார். மறுபக்கம் போகிறார். மீண்டும் உட்கார்கிறார். ஏதோ ஒரு பறவை இரண்டு முறை கூப்பிட்டு நிறுத்துகிறது.

என் மூச்சு நின்றிருப்பது பந்து நகர்ந்த பிறகுதான் தெரிகிறது.

*

எங்கோ ஒரு ஆரவாரம். மரங்களுக்கு அப்பாலிருந்து. என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, இதை வைத்து யோசிக்கிறார்கள். குழிக்குக் குறித்த அடிகளைவிட ஒன்று குறைந்தால் பர்டி, அதற்கு ஒரு சத்தம். இரண்டு குறைந்தால் ஈகிள், அதற்கு வேறு சத்தம்.

பிறகு பலகையைப் பார்க்கிறார்கள்.

வெள்ளைப் பலகை. கையால் மாற்றும் எண்கள். உள்ளே ஓர் ஆள் இருக்கிறார், வெளியே தெரிவதில்லை. ஒரு சதுரம் பின்னால் போகிறது. அந்த இடம் ஒரு கணம் கறுப்பாக இருக்கிறது.

அந்தக் கறுப்புச் சதுரம். எண் இன்னும் வரவில்லை. எல்லோரும் அதையே பார்க்கிறார்கள்.

*

பன்னிரண்டாம் குழி. 155 கஜம். மைதானத்திலேயே குட்டையானது.

முன்னால் ரேஸ் ஓடை. அதற்கு மேல் மழித்துவிட்ட கரை. கரைக்கு மேல் குறுக்காகப் படுத்திருக்கும் ஒல்லியான கிரீன். முன்னால் ஒரு மணற்குழி, பின்னால் இரண்டு. அதற்கும் பின்னால் அசேலியா.

பதினொன்றின் கொடி ஒரு பக்கம் பறக்கிறது. பன்னிரண்டின் கொடி இன்னொரு பக்கம். ஆடுபவர் கொஞ்சம் புல்லைக் கிள்ளி விடுகிறார். அது காலடியில் விழுகிறது. நிமிர்ந்து பைன் மரங்களின் உச்சியைப் பார்க்கிறார். உச்சி ஆடுகிறது. ஒன்பதாம் எண் அயர்ன் மட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு எட்டை எடுக்கிறார். மீண்டும் ஒன்பதைத் தொடுகிறார்.

பை சுமக்கும் கேடி ஏதோ சொல்கிறார். இவர் தலையாட்டுகிறார்.

காற்று நிற்கிறது. நிற்கிறதா என்று பார்க்கிறார். இன்னும் பார்க்கிறார்.

*

1992, ஞாயிறு. ஃபிரெட் கப்பிள்ஸ் அடித்த பந்து பன்னிரண்டாம் கரையில் விழுந்து பின்னால் உருள்கிறது. அந்தக் கரையில் விழுந்தது தண்ணீருக்குத்தான் போகும். அன்றைக்குப் போகவில்லை. பாதிச் சரிவில், புல்லில் நின்றுவிடுகிறது.

எதன் மேல் நின்றது? இரண்டு மூன்று புல் இதழ்.

அவர் வேகமாக நடக்கிறார். காற்றுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பது போல. குறித்த அடிகளுக்குள் முடித்து பார் எடுக்கிறார். அடுத்தவரைவிட இரண்டு முறை குறைவாக அடித்து ஜெயிக்கிறார்.

*

2016, ஞாயிறு. முந்தைய ஆண்டு ஜெயித்தவர் ஜோர்டன் ஸ்பீத். பாதி ஆட்டம் முடிந்தபோது ஐந்து அடி முன்னிலை. பன்னிரண்டில் முதல் பந்து தண்ணீருக்குள். அடுத்ததும் தண்ணீருக்குள். அந்த ஒரு குழியில் ஏழு.

டேனி வில்லெட் ஜெயிக்கிறார்.

முந்தைய ஆண்டு ஜெயித்தவர் இந்த ஆண்டு ஜெயித்தவருக்குக் கோட்டு போட்டுவிட வேண்டும். அது வழக்கம். அன்று மாலையே ஸ்பீத் கோட்டைப் பிரித்துப் பிடிக்கிறார். வில்லெட் கையை நுழைக்கிறார். ஸ்பீத் தோள்பட்டையைச் சரிசெய்கிறார்.

அந்தக் கைகளைப் பார்க்கிறேன்.

*

பன்னிரண்டாம் கிரீனுக்குப் பார்வையாளர்கள் போக முடியாது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் டீக்குப் பின்னால் நின்றுவிட வேண்டும். ஆடுபவர்களும் கேடிகளும் மட்டும் ஹோகன் பாலத்தைத் தாண்டிப் போகிறார்கள். கல் பாலம். மேலே புல்.

கிரீனை முடித்துவிட்டு இன்னும் உள்ளே, பதின்மூன்றாம் டீக்குப் போகிறார்கள். மரங்களுக்கு இடையில் ஒரு மூலை. கூட்டம் தூரத்தில் ஒரு நிறமாக மட்டும் தெரியும்.

கொஞ்ச நேரம் யாரும் பக்கத்தில் இல்லை. ஒருவர் தண்ணீர் குடிக்கிறார். ஒருவர் சும்மா நிற்கிறார்.

இந்தப் போட்டியில் நான் அதிகம் காத்திருப்பது இந்த இரண்டு மூன்று நிமிடங்களுக்குத்தான். ஒன்றும் நடப்பதில்லை. கேமரா பெரும்பாலும் வேறு குழிக்குப் போய்விடுகிறது.

*

1943, 44, 45. போட்டி இல்லை. போர்.

ஃபேர்வேயில் மாடுகள் மேய்கின்றன. வான்கோழிகள் வளர்கின்றன. மாடுகள் அசேலியாவையும் தின்கின்றன.

பிறகு புல்லைச் சீர்படுத்த ஆள் வேண்டும். பக்கத்து ராணுவ முகாமிலிருந்து ஜெர்மானியப் போர்க் கைதிகள் வருகிறார்கள். ஓடையின் மேல் ஒரு பாலம் கட்டுகிறார்கள். கோல்ஃப் பார்த்திராத கைகளாகவும் இருக்கலாம்.

*

1968, ஏப்ரல் 14. அர்ஜென்டினாவின் ரொபெர்த்தோ தெ விசென்சோவுக்கு அன்று பிறந்தநாள். 45. அன்று அவர் அடித்தது 65.

பதினேழாம் குழியில் மூன்று அடி. எல்லோரும் பார்த்தார்கள். டிவியிலும் வந்தது. கூட ஆடியவர் ஸ்கோர் சீட்டில் நான்கு என்று எழுதுகிறார். தெ விசென்சோ கவனிக்காமல் கையெழுத்து போடுகிறார்.

கையெழுத்திட்ட எண் கூடுதலாக இருந்தால் அதுவே நிற்கும். விதி. 66.

ஓர் அடியில் பாப் கோல்பி ஜெயிக்கிறார்.

பென்சில். ஒரு சின்ன அட்டை. மேசை. வெயில்.

*

பைகளைச் சுமப்பவர்கள் வெள்ளை உடையில் வருகிறார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே வெள்ளை.

1982 வரை ஒரு விதி இருந்தது. ஆடுபவர்கள் தங்கள் கேடியை அழைத்து வரக்கூடாது. கிளப்பின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கறுப்பினத்தவர்கள். எந்தக் கிரீன் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆண்டு முழுவதும் அங்கே நடந்த கால்கள்.

1975 வரை கறுப்பினத்தவர் ஒருவர்கூட அந்தப் போட்டியில் ஆடியதில்லை.

*

1975, வியாழன். லீ எல்டர் முதல் டீக்கு வருகிறார். வயது 40.

மிரட்டல்கள் வந்திருக்கின்றன. ஊரில் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து, மாறி மாறித் தங்குகிறார். எந்த ராத்திரி எந்த வீடு என்று வெளியே தெரியக்கூடாது.

முதல் இரண்டு நாளில் 74, 78. வார இறுதிக்குத் தேறவில்லை. வெள்ளியோடு முடிகிறது.

1990-இல்தான் கிளப்பில் முதல் கறுப்பின உறுப்பினர். 2012-இல்தான் முதல் பெண்கள். இரண்டு பேர்.

இந்தத் தோட்டம் எனக்குப் பிடிக்கும். இதுவும் இந்தத் தோட்டம்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்று இன்னொன்றைத் தள்ளவில்லை. ஒன்று இன்னொன்றில் கரையவும் இல்லை.

*

1997, ஞாயிறு. டைகர் உட்ஸுக்கு 21. வியாழக்கிழமை முதல் ஒன்பது குழிகளில் 40 அடித்தவர். இன்று பன்னிரண்டு அடி வித்தியாசத்தில் நடந்து வருகிறார். மொத்தம் 270.

கூட்டத்தில் லீ எல்டர் இருக்கிறார். பார்ப்பதற்கென்றே வந்திருக்கிறார்.

2021, வியாழன். முதல் டீ. பிளேயர், நிக்லஸ், எல்டர். எல்டரின் மூக்கில் ஆக்சிஜன் குழாய். அடிக்க முடியவில்லை. டிரைவர் மட்டையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.

46 ஆண்டுகள்.

நவம்பரில் அவர் இல்லை.

*

1995. ஹார்வி பெனிக் இறந்துபோகிறார். பென் கிரென்ஷாவுக்குச் சின்ன வயதிலிருந்து ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். புதன்கிழமை டெக்சஸில் இறுதிச் சடங்கு. கிரென்ஷா பெட்டியைச் சுமக்கிறார். விமானம் ஏறி அகஸ்டாவுக்கு வருகிறார்.

கேடி கார்ல் ஜாக்சன். 1961-இல், 14 வயதில், இந்தப் போட்டியில் பை சுமக்கத் தொடங்கியவர். அந்த வாரம் பயிற்சி இடத்தில் கிரென்ஷா அடிப்பதைப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொல்கிறார். பந்தைக் கொஞ்சம் பின்னால் வைக்க. தோளை இன்னும் இறுக்கமாகத் திருப்ப. அவ்வளவுதான்.

ஞாயிறு மாலை. கடைசி பட் உள்ளே போகிறது. ஜெயித்த கிரென்ஷா இடுப்பிலிருந்து அப்படியே மடிகிறார். முகம் கைகளுக்குள். தொப்பி கீழே விழுகிறது.

ஜாக்சன் பின்னாலிருந்து வருகிறார். குனிகிறார். முதுகைப் பிடிக்கிறார்.

ஆட்டம் முடிந்துவிட்டது. யாரும் அவர்களைக் கிளப்பவில்லை.

*

1986-இல் நிக்லஸுக்கு 46. பை சுமப்பது மூத்த மகன். கடைசி ஒன்பது குழிகளை 30 அடியில் முடித்து ஜெயிக்கிறார்.

1996-இல் கிரெக் நார்மன். ஞாயிறு காலை ஆறு அடி முன்னால். மாலை ஐந்து அடி பின்னால். நிக் ஃபால்டோ ஜெயித்துவிட்டு அவரைக் கட்டிக்கொள்கிறார். அந்த நாளைத் திரும்பப் பார்க்க என்னால் முடிவதில்லை.

*

2000. பிஜியின் விஜய் சிங் கோட்டு அணிகிறார்.

2007. பலகையில் ஜீவ் மில்கா சிங். இந்தியாவிலிருந்து அங்கே ஆடப்போன முதல் பெயர். நான்கு நாளும் ஆடுகிறார். பெரிய பெயர்களுக்குத் தாவும் கேமரா எப்போதாவது அவர் மேல் விழுகிறது. விழும்போது முதுகு தானாக நிமிர்கிறது.

*

2020. ஏப்ரலில் இல்லை. நவம்பரில்.

அசேலியா பூக்கும் காலம் இல்லை. இலைகள் பழுத்திருக்கின்றன. பார்வையாளர்கள் இல்லை.

டஸ்டின் ஜான்சன் 268 அடிக்கிறார். அதற்கு முன் யாரும் அவ்வளவு குறைவாக அடித்ததில்லை. பந்து குழிக்குள் விழும் சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று பேர் கை தட்டும் சத்தம்.

இது எனக்குப் பிடித்த நிசப்தம் இல்லை. அந்த நிசப்தத்துக்கு ஆட்கள் வேண்டும் என்று அந்த வாரம் தெரிகிறது. பேசக்கூடியவர்கள் பேசாமல் இருக்க வேண்டும்.

*

2021. ஹிடெகி மட்சுயாமா ஜெயிக்கிறார். ஜப்பானிலிருந்து முதல் ஆள். கட்டிப்பிடித்தல் எல்லாம் ஆயிற்று. எல்லோரும் கிரீனைவிட்டு நகர்கிறார்கள்.

கேடி ஷோட்டா ஹயாஃபுஜி கொடிக்கம்பை மீண்டும் குழியில் வைக்கிறார். ஃபேர்வேயைப் பார்த்துத் திரும்புகிறார். தொப்பியைக் கழற்றுகிறார். தலை வணங்குகிறார்.

ஒரு முறை. குறுகிய நேரம். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்.

அதைப் பார்த்தபோது என் கைகள் தாமாகச் சேர்ந்தன. சேர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

*

ஜெயித்தவர் கோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். ஓராண்டு. அடுத்த ஏப்ரலில் திரும்பக் கொண்டுவர வேண்டும். பிறகு அது கிளப்பிலேயே இருக்கும்.

அலமாரியில் பேர் எழுதித் தொங்கும் கோட்டுகளை நினைக்கிறேன். அளவு மாறிப்போன உடம்புகள்.

*

2014 பிப்ரவரி. பனிமழை. பதினேழாம் குழியின் இடது பக்கத்து பைன் சாய்கிறது. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் அடித்த பந்துகள் அடிக்கடி போய் மோதிய மரம். வெட்டிவிடச் சொன்னார். வெட்டவில்லை. அவருக்குப் பிறகும் 45 ஆண்டுகள் நின்றது.

2024 செப்டம்பர். ஹெலின் புயல். நிறைய மரங்கள்.

அடுத்த ஏப்ரலில் டிவியைப் போட்டதும் கண் எதையோ தேடுகிறது. நிழல் இருந்த இடத்தில் வெயில். எந்த மரம் என்று சொல்லத் தெரியவில்லை.

*

அந்த ஏப்ரலில், வெள்ளிக்கிழமை. பெர்ன்ஹார்ட் லாங்கர். 67 வயது. 1985-இலும் 1993-இலும் ஜெயித்தவர். ஒரு முறை ஜெயித்தவர் ஆயுள் முழுக்க ஆட வரலாம். இதுதான் கடைசி என்று அவரே சொல்லிவிட்டார்.

பதினெட்டாம் கிரீன். இந்தப் பந்து உள்ளே போனால் வார இறுதி வரை ஆடலாம்.

போகவில்லை. ஓர் அடியில் தவறுகிறது.

அவர் தொப்பியைக் கழற்றி எல்லாப் பக்கமும் பார்க்கிறார். பந்தை எடுக்க மறக்கவில்லை.

*

அதே வாரம். ஞாயிறு முடிந்து திங்கள். இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது.

ஃபேன் சுற்றுகிறது. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். திரையின் பச்சை சுவரில் விழுகிறது. என் கால்களிலும்.

கண் எரிகிறது. தூக்கம் வருகிறது. வரட்டும். போகிறது.

ரோரி மக்கில்ராய் நடக்கிறார். 2011-இல் இதே ஞாயிறு நான்கு அடி முன்னிலையோடு தொடங்கி, பத்தாம் டீயில் அடித்த பந்து இடது பக்கம் மர வீடுகளுக்கு நடுவே போய், 80-இல் முடித்தவர். அப்போது 21 வயது. இப்போது 35. பத்தாம் குழியைத் தாண்டும்போது இன்று ஏதாவது நினைத்திருப்பாரா. முகத்தில் தெரியவில்லை.

பதின்மூன்றில் கிட்டத்திலிருந்து மெதுவாகத் தூக்கிப் போட்ட பந்து கிரீனிலிருந்து வழுக்கி ஓடைக்குள் போகிறது. பதினைந்தில் மரங்களைச் சுற்றி வளைத்து அடித்தது கொடிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பதினெட்டில் ஒரு சின்ன பட். உள்ளே போயிருந்தால் முடிந்திருக்கும். போகவில்லை.

சமநிலை. ஜஸ்டின் ரோஸோடு மீண்டும் பதினெட்டு.

நான் எழுந்து நிற்கிறேன். எதற்கென்று தெரியாது. உட்கார்கிறேன்.

*

உள்ளே போகிறது.

அவர் பட்டர் மட்டையைப் பின்னால் விட்டுவிட்டு முழங்காலில் விழுகிறார். நெற்றி புல்லில். தோள்கள் குலுங்குகின்றன. நான்கு பெரிய போட்டிகளையும் ஜெயித்த ஆறாவது ஆள். அதெல்லாம் அப்புறம். இப்போது தோள்கள் மட்டும்.

இங்கே ஐந்து மணி ஆகப்போகிறது. ஏப்ரல் 14. விசுவாவசு வருஷம் பிறக்கிறது. சமையலறையில் பச்சடிக்கு வேப்பம்பூ எடுத்து வைத்திருக்கிறது. மாங்காய், வெல்லம்.

யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. எழுப்பவில்லை. கன்னம் ஈரமாக இருக்கிறது.

*

பதினாறாம் குழி. ஞாயிறன்று கொடி இடது பக்கம், குளத்தை ஒட்டிக் கீழே இருக்கும். எல்லோருக்கும் தெரியும். பந்தை வலது மேட்டில் விட வேண்டும். அது நிற்பது போல யோசிக்கும். பிறகு மெல்ல இறங்கும்.

2005. உட்ஸ் அப்படி விட்ட பந்து குழியின் விளிம்பில் நிற்கிறது. ஒரு கணம். இன்னொரு கணம்.

விழும் என்று இப்போது எனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு முறையும் முன்னால் சாய்கிறேன்.

*

ஒரு நாள் போவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. காலையில் கதவு திறந்ததும் மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய் பிடித்த இடத்தில் வைத்துவிடலாம். ஓடக்கூடாது, நடந்துதான் போக வேண்டும். வைத்துவிட்டு நாள் முழுக்க எங்கும் சுற்றலாம். திரும்பி வரும்போது நாற்காலி அங்கேயே இருக்கும். நடுவில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம். உரியவர் வந்தால் எழுந்துகொள்வார்கள்.

என் நாற்காலியை எங்கே வைப்பது.

பன்னிரண்டாம் டீக்குப் பின்னால் வைத்தால் பதினொன்றாம் கிரீனும், பன்னிரண்டும், தூரத்தில் பதின்மூன்றாம் டீயும் தெரியும். காற்று முகத்தில் படும். பதினைந்தாம் கிரீனுக்கும் பதினாறுக்கும் நடுவே வைத்தால் குளத்தைத் தாண்டும் பந்தையும் பார்க்கலாம், திரும்பி உட்கார்ந்தால் மேட்டிலிருந்து இறங்கும் பந்தையும் பார்க்கலாம். பதினெட்டில் வைத்தால் ஒரு கிரீன்தான், ஆனால் எல்லோரும் அங்கே வந்துதான் முடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை பன்னிரண்டில் வைக்கலாம். ஞாயிறு பதினாறில். நான்கு நாளும் டிக்கெட் கிடைக்குமா என்பது வேறு விஷயம். பயிற்சி நாள் ஒன்று கிடைத்தால்கூட பத்தாம் டீயிலிருந்து கீழே நடந்து பார்க்கலாம்.